கயிற்றை விடும் இடம்

போன வருடம் முழுக்க எனக்குக் காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். பல் தேய்ப்பதற்கு முன்பே கைபேசியை எடுப்பேன். எங்கோ ஒரு மருத்துவமனைமேல் குண்டு விழுந்திருக்கும். எங்கோ ஒரு மலை சரிந்து ஊரை மூடியிருக்கும். எங்கோ பனி உருகியிருக்கும். அதைப் படம் போட்டு வேறு காட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பேன். படிக்காமல் விட்டால் செத்தவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல ஒரு எண்ணம். உலகத்துக்கு வார்டன் வேலை காலியாக இருக்கிறது, வந்து சேருங்கள் என்று யாரும் எனக்கு ஆர்டர் அனுப்பவில்லை. நானாகவே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

உண்மையில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பதுக்கும் பத்துக்கும் சமூக அறிவியல் நடத்துகிறேன். வீடு குளச்சலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே. மனைவி நெய்யூரில் நர்ஸ். ஒரே மகள், ஒன்பது வயது. இதற்கு மேல் ஒரு பொதுவேலையும் உண்டு. எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு பக்கமாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மலையை உடைத்துக் கல் ஏற்றும் பெரிய லாரிகள் பள்ளிக்கூட வாசல் வழியாகவே போய்வந்தன. இரண்டையும் எதிர்த்து எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்போம். மனு எழுதுவது எப்போதும் நான்தான். திருவிதாங்கூர் மகாராஜா காலத்து நிலப் பதிவேட்டில் தொடங்கி, நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவேன். வேறு யாராவது எழுதட்டுமா என்று கேட்டால், விவரம் விட்டுப்போகும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. லாரிகள் நிற்கவில்லை. குளம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சுருங்கியது. எனக்குள்ளும் ஏதோ வற்றிக்கொண்டே வந்தது. அது எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் வகுப்பில் இயற்கைப் பேரிடர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, இதையெல்லாம் தடுக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒன்றும் செய்ய முடியாது, பரீட்சைக்கு மட்டும் எழுது என்று சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை மனு எழுத உட்கார்ந்தபோது 'ஐயா' என்பதைத் தாண்டி எனக்குப் பேனா நகரவில்லை.

வீட்டில் நான் இருந்தும் இல்லாத மாதிரிதான். டூட்டி முடித்து வந்த மனைவி ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க இந்த வீட்டுல இருக்கியளா, இல்ல அந்தப் போனுக்குள்ளயா?" என்று கேட்டாள். உலகம் இந்த நிலைமையில் இருக்கும்போது உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். பகல் முழுக்க நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு வேறு. ஒரு காலையில் மகள் புட்டையும் பயறையும் பிசைந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தாள். என் கண் போனில். அவள் கேட்டாள்: "அப்பா, கடலு மாமன் வீட்டுக்குள்ள வருமா?"

"வரும்" என்றேன், தலையைத் தூக்காமல்.

எப்போது என்று கேட்டாள். நீ காலேஜ் போவதற்குள் வந்துவிடும் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கைக்காரன் நான். அந்தக் கொள்கையை ஒன்பது வயதுக் குழந்தையின் சாப்பாட்டுத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

மாமன் வீடு என்பது என் மனைவியின் ஊர். குளச்சலுக்கு மேற்கே, கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி வீடு. மனைவியின் தம்பி அங்கே கரமடி வலை இழுக்கும் தொழில் செய்கிறான். சனிக்கிழமைகளில் நாங்கள் அங்கே போவோம். வண்டி நிற்பதற்குள் மகள் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடுவாள். ஈரப் பாவாடையோடு இழுத்து வரவேண்டியிருக்கும். அந்தக் காலைக்குப் பிறகு அவள் ஓடவில்லை. முதல் வாரம் கால் வலிக்கிறது என்றாள். அடுத்த வாரம் வெயில் என்றாள். மூன்றாவது வாரம் மாமன் வீட்டுக்குள் போய்க் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். திரும்பி வரும் வழியில், மாமனையும் அத்தையையும் நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோர வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், ஞானஸ்நானச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். ஓடவேண்டி வந்தால் கையோடு எடுத்துக்கொள்ளத்தான். ஒருநாள் பேனா தேடிக்கொண்டு மகளின் பையைத் திறந்தேன். புத்தகங்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே அவளுடைய பள்ளி அடையாள அட்டை, ஒரு சீப்பு, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ. கவரின் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பியவன், வீட்டிலிருந்த ஒரே பிள்ளையை அகதியாக்கி வைத்திருந்தேன்.

வாத்தியார் புத்தி எங்கே போகும்? மறுநாளே மாவட்ட வரைபடத்தை விரித்தேன். நம் வீடு எவ்வளவு மேட்டில் இருக்கிறது, கடல் எவ்வளவு ஏறினாலும் நம்மைத் தொடாது என்றெல்லாம் ஸ்கேல் வைத்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வரைபடத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "மாமன் வீடு?" என்றாள். நான் வரைபடத்தை மடித்து வைத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை நாங்கள் போனபோது மச்சினனுக்கு ஆள் குறைவு. இழுக்கிறவர்களில் மூன்று பேர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஞாயிறு, கடலில் இறங்க மாட்டார்கள். வலை ஏற்கெனவே தண்ணீரில் கிடந்தது. சும்மா நிற்கிற கைதானே, வந்து பிடிக்கலாமே என்று என்னைக் கூப்பிட்டான். என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். ஆனால் என்னைப் பத்து வயதிலேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். மீன்காரன் மகனாகப் பிறந்தும் என் கையில் சாக்பீஸ் ஏறிய அளவுக்குக் கயிறு ஏறவில்லை. மறுத்தால் கேலி செய்வான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற வலை. வள்ளம் என்கிற படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வலையை விட்டுவிடுவார்கள். அதன் இரண்டு முனைகளிலும் நீளமான கயிறு. இரண்டு கூட்டமாக நின்று இழுக்க வேண்டும். நீரோரத்தில் கயிற்றைப் பிடித்தவன் பின்பக்கமாக அடி வைத்து மணல்மேட்டுக்கு ஏறுவான். மேட்டில் ஒருவர் உட்கார்ந்து வருகிற கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அந்த இடம் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு கீழே இறங்கிப்போய், அலை ஓரத்தில் மறுபடியும் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எனக்கு முன்னால் இழுத்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான். ஒருவர் போகிற வழியில் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் பீடி பற்றவைத்தார். பின்பெஞ்சுக்காரர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, அவர்களுக்கும் சேர்த்து நான் இறுக்கிப் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். சுருட்டுகிறவரைத் தாண்டினேன். அவர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்து, மீன் வாங்க வந்து நின்ற ஒரு பெண்ணின் அலுமினியப் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

"சாரே, கயிறு முடிஞ்சு. இனி எனக்க பாத்திரத்துக்குள்ள இருந்தா இழுக்கப் போறிய?" என்றாள் அவள். கரை முழுக்கச் சிரிப்பு. சுருட்டி வைத்த கயிறும் என்னால் குலைந்து கிடந்தது. மச்சினன் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"விடணும் மச்சான். ஒரு ஆளு விட்டு எறங்கினாத்தான் கீழ பிடிக்க ஆளு இருக்கும். நீங்க பிடிச்சுட்டே நின்னா வலை வராது, நீங்கதான் ரோட்டுக்குப் போவிய."

அவன் கயிற்றைப் பற்றி மட்டும்தான் சொன்னான். எனக்குத்தான் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த முறை மேட்டில் விட்டேன். முதல் இரண்டு தடவை இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன், வலை கடலுக்கே போய்விடுமோ என்று. போகவில்லை. மற்றவர்கள் பிடித்திருந்தார்கள். மூன்றாம் தடவை நானும் தண்ணீர் குடித்தேன். மேட்டிலிருந்து அலை வரை முப்பது எட்டு வைக்க வேண்டும். அந்த முப்பது எட்டும் என் கையில் ஒன்றுமே இல்லை. அப்படி நடந்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன். யாரும் கேட்கவில்லை. பிறகு போய் முதல் ஆளாகப் பிடித்தேன்.

அன்று வலையின் மடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. சாளையும் கொஞ்சம் நெத்திலியும். என் பங்கை ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். உள்ளங்கை எரிய எரிய வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் குழுவைக் கூட்டி, இரண்டு மாதம் நான் மனு எழுதப்போவதில்லை என்று சொன்னேன். பெரிய அமைதி வரும் என்று எதிர்பார்த்தேன். குழுவில் ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண் ஒருத்தி, அப்படியானால் நான் எழுதுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டாள். இதைக் கேட்பதற்காகவே காத்திருந்தவள் மாதிரி. அவள் எழுதிய மனு அரைப்பக்கம். குளத்தின் பழைய போட்டோ ஒன்று, புதிய போட்டோ ஒன்று. மகாராஜா எங்கேயும் இல்லை. மூன்றாம் வாரம் அளவெடுக்க ஆள் வந்தார்கள். என் நான்கு பக்கத்துக்கு ஆறு வருடமாக அசையாதவர்கள், அவளுடைய அரைப்பக்கத்துக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். இரண்டு நாள் வயிற்றெரிச்சலாக இருந்தது; பிறகுதான் மகிழ்ச்சியாக இருந்தது. குளத்தில் கொட்டுவது இப்போது நின்றிருக்கிறது, எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். லாரிகள் இன்னும் ஓடுகின்றன. அதற்கான மனுவை இந்த மாதம் நான் எழுதினேன், ஒரே பக்கத்தில். வகுப்பில் அந்த மாணவியைக் கூப்பிட்டு, அன்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். செய்தியை இப்போது மதியம் ஒரு முறை, பள்ளிக்கூடத்துக்கு வரும் பேப்பரில் படிக்கிறேன். உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை.

மகளிடம் மட்டும் நான் எதையும் விளக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கயிறு பிடிக்கப் போனேன், அவ்வளவுதான். அவள் முதலில் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அப்பா பாத்திரத்துக்குள் விழுந்த கதையை மாமன் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி விழுவேனா என்று பார்க்கத்தான் முதலில் வாசலுக்கு வந்தாள் என்று நினைக்கிறேன். அப்புறம் தெரு முனை. அப்புறம் மணல்மேடு, கயிறு சுருட்டுகிறவர் பக்கத்தில். மணலில் கடலிலிருந்து மிகத் தூரமான இடம் அதுதான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் துடித்தது.

ஒரு சனிக்கிழமை நான் மேட்டில் கயிற்றை விட்டபோது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, கடலு வரும்னு சொன்னீங்கல்லா. நெசமாவே வருமா?"

இந்த முறை நான் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் கொஞ்சமா வருது மக்கா. அதத் தடுக்கதுக்கு நெறயப் பேரு இழுக்காவ. நானும் இழுக்கேன்."

"நாம தூங்கும்போ?"

"நாம தூங்கும்போ வேற நாட்டுல பகலு. அங்க உள்ளவிய பிடிச்சிருப்பாவ."

அவள் யோசித்தாள். "அவிய தூங்கும்போ நாம" என்றாள், கணக்கு சரியாக வந்த குரலில். ஆமாம் என்றேன்.

அன்று மேட்டில் கயிறு சுருட்டியது மச்சினன். நான் இறங்கிப்போய்ப் பிடித்து மறுபடி ஏறி வந்தபோது, மேட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு முன்னால் வந்து கயிற்றில் கை வைத்தாள். நாலைந்து எட்டு என்னோடு சேர்ந்து பின்னால் நடந்தாள். அவள் காலடியில் கயிறு சுற்றிவிடுமோ என்று நான் குனிந்தே பார்த்துக்கொண்டு வந்ததில் மேடு வந்தது தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அப்பா, விடுங்க" என்றாள். "பின்னால மாமன் சுருட்டுகாரு."

விட்டேன். அவள் எனக்கு முன்னால் இறங்கி ஓடினாள். மணல் தாண்டி, ஈரம் தாண்டி, அலை உடைகிற இடம் வரை. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. கடலிலிருந்து ஏறிவருகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏன் இன்னும் வரவில்லை என்பதுபோலத் திரும்பி என்னைப் பார்த்தாள்.