முதல் பிரதி

கமரூனிலிருந்து வந்த ஒடீலுக்கு வாரத்தில் ஐந்து நாள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வேலை. மிச்ச இரண்டு நாளும் கமராதான். நகரில் கறுப்பின மக்கள் பாடுகிற, வாசிக்கிற இடமெல்லாம் போவாள். ஹெயிட்டிக்காரரின் தேவாலயம், ஜமைக்காக்காரரின் நிலக்கீழ் அறை எதையும் விடமாட்டாள். யாரைப் படம் பிடித்தாளோ, முதல் பிரதி அவர் கையில்தான். பின்பக்கம் தன் பெயரும் தேதியும் எழுதியிருப்பாள்.

2006இல் கலை மண்டபம் நடத்திய ழெரார், கண்காட்சி வைப்போம் என்று தேனொழுகப் பேசி, அவளுடைய மூன்று வருட நெகட்டிவ்களை வாங்கிப் போனான். அழைப்பிதழில் படங்கள் எடுத்தவர் என்று அவன் பெயரே இருந்தது. போய்க் கேட்டாள்.

"துடைப்பத்தோடை நிக்கிற நீ எடுத்தது எண்டால் ஆர் நம்புவினம்?" என்று சிரித்தான்.

அவளுக்குப் பெயர் திரும்பி வந்தால் மட்டும் போதாது. ஊர் கூடி நிற்கையில் அவன் மானம் கப்பலேற வேண்டும்.

அவள் வழக்கமாகப் பிரதி போடும் கடையில்தான் ழெராரும் வேலையைக் கொடுத்திருந்தான். அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பேனாட், பிரெஞ்சு கதைத்தாலும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்.

"அக்கா, அந்தாள் நெகட்டிவைப் பிரட்டி வைச்சு ஸ்கான் பண்ணியிருக்கிறார். சாக்ஸபோன்காரற்ரை இடக்கை வலக்கையாய் மாறிக் கிடக்கு. திருத்தட்டே?"

"தொடாதையும். இன்னும் பெரிசாய் அடியும்."

திறப்பு விழாவுக்கு ஒடீல் தன் இசைக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். தன்னுடைய ஆளுயரப் படத்தின் முன் நின்று சாக்ஸபோன் கிழவர் டெஸ்மண்ட் ழெராரைக் கேட்டார்.

"நீங்கள் எடுக்கேக்கை நான் இதை எப்பிடிப் பிடிச்சிருந்தனான்?"

"படத்திலை இருக்கிற மாதிரித்தான். வலக்கை மேலை. இப்பவும் கண்ணுக்கை நிக்குது" என்றான் ழெரார்.

கிழவர் பெட்டியைத் திறந்தார். எல்லா சாக்ஸபோன்காரரையும் போல இடக்கையை மேலே வைத்து வாசித்தார். இசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கிழவர் சட்டைப்பையிலிருந்த தன் பிரதியை எடுத்து, பின்பக்கத்தை உரக்கப் படித்தார். ஒடீலின் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ழெரார் ஓடிவந்து அவள் காதில் கிசுகிசுத்தான். "உம்மடை பேரைப் போடுறன். பேர் மாறினது கடைக்காரர் விட்ட பிழை எண்டு மட்டும் சொல்லும்."

அவள் கமராவைத் தூக்கினாள். வெளிறி, வியர்த்து, வாய் கோணிய அந்த முகத்தை ஆசை தீர எடுத்தாள்.

திங்கட்கிழமை அதைப் பெரிதாக அடித்து, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, அவன் கையிலேயே கொடுத்தாள்.

"முதல் பிரதி உங்களுக்கு. அது என்ரை வழக்கம். ரெண்டாவது இனித்தான் பத்திரிகைக்குப் போகுது."