வெள்ளச்சியின் நெஞ்சில் இருந்தது விஷமல்ல

உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சாரோடு வேலை பார்த்த உங்களைத் தவிர, இதை யாருக்கும் காட்டாதீர்கள். எழுதியது நான் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தயிர்க்காரம்மா வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள்: டாக்டர் சாரை மதகடியிலிருந்து எடுத்துக் கிடத்தியிருக்கிறார்கள், சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து செத்துப்போனாராம். பின்னல் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமைதான் எங்கள் கொல்லையில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பூனை வெள்ளச்சி ஒரு மாதமாக இருமியது. தரையோடு குனிந்து, கழுத்தை நீட்டி, எதுவும் வெளியே வராமல் இருமும். கூலி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் குறுவை அறுப்பை நிறுத்தியவர் கீழத்தெருக் காத்தான். எங்களைக் கொல்ல அவர் பால் செம்பில் விஷம் வைத்ததாகவும், அதைப் பூனை குடித்துவிட்டதாகவும் அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தார். அன்றே காத்தானைப் பிடித்துப் போனார்கள். "இப்ப நடக்கிறது கூலிக்காரங்க பக்கம் பேசுற ஆட்சி. அடிச்சாக் கேள்வி வரும். கேஸ் போட்டா யாரு கேக்கப் போறா?" என்று அப்பா சித்தப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

விஷம் என்று எழுதி வாங்கத்தான் டாக்டர் சாரைக் கூப்பிட்டார்கள். மாட்டு டாக்டர் பூனை பார்க்கிறாரே, அடுத்தது எலிக்கும் ஊசியா என்று சித்தப்பா கேலி செய்தார். "எலி கூப்பிட்டாலும் வருவேங்க" என்றார் சார். மாட்டுக்கு ஊசி போடும் முன்னால் "கோவிச்சுக்காதம்மா" என்பாரே, அதையே வெள்ளச்சியிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். அதன் மலத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆஸ்பத்திரிக்குள் கூப்பிட்டார். மலத்தைத் துணியில் முடிந்து ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டிருந்தாராம். அடியில் இறங்கிய ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நூலைவிட மெல்லிசாகப் புழுக்கள் நெளிந்தன.

"இது நுரையீரல்ல இருக்கிற புழுவோட குஞ்சும்மா. நத்தையிலேர்ந்து வருது. நத்தையைத் தின்ன எலியையோ தவளையையோ பூனை தின்னா, புழு நெஞ்சுக்குப் போயிடும். கீழத்தெருப் பூனைக்கும் இதே புழுதான். காத்தான் அவர் வீட்டுப் பூனைக்குமா விஷம் வெச்சார்?"

வெள்ளிக்கிழமை அப்பா, விஷம் என்று ஒரு வரி போதும் என்றார்.

"இருக்கிறது புழுங்க. வேற எப்படி எழுதுறது?"

அவர் கிளம்பும்போது, மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் கீழத்தெருவுக்கு வருவதாகவும், திங்களன்று கோர்ட்டில் காத்தானுக்காகச் சாட்சி சொல்லிவிட்டு வெள்ளச்சியைப் பார்ப்பதாகவும் சொன்னார். சாப்பிடும்போது, டாக்டர் உன்னிடம் என்ன பேசினார் என்று அப்பா கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

ஞாயிறு இருட்டியதும் சித்தப்பா நெஞ்சு வரை நனைந்து வந்தார். மடை அடைத்ததாகச் சொன்னார். நம்பினேன்.

இன்று வெள்ளச்சியைத் தேடிக் கொட்டிலுக்குப் போனேன். வைக்கோலுக்கு அடியில் டாக்டர் சாருடைய தோல் பை இருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே கோர்ட்டுக்கு எழுதிய காகிதம்: 'நுரையீரல் புழு. விஷத்தின் குறி ஏதுமில்லை.' கீழே கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும்.

அவர் வரும் நாளைச் சொன்னது நான்தான். அது என்னோடுதான் இருக்கும். அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் காகிதம் ஒன்றுதான். வழக்குக்கு வியாழன் வரை வாய்தா. காத்தான் மகள் செல்வி என் வகுப்பு. நாளை அவள் கணக்குப் புத்தகத்துக்குள் அந்தக் காகிதத்தையும் இந்தக் கடிதத்தையும் வைத்து உங்களுக்கு அனுப்புகிறேன். அவர் சொல்ல இருந்ததை நீங்கள் போய்ச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் நானும்

கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா குரல். பையை யார் திறந்தது என்று கே