திருத்தம்: அவர் அழவில்லை

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், ஜெபகனி வாசித்த பிறகுதான் உறவுக்காரர்கள் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். வடசேரியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உள்ளூர் கேபிள் சேனல் நடக்கிறது. அங்கே தினமும் மாலைச் செய்தி, செய்தியின் கடைசியில் மரண அறிவிப்புகள். கல்லூரி முடித்ததிலிருந்து அவள்தான் வாசித்தாள். இறந்தவர் பெயர், ஊர், பிள்ளைகள், எந்த ஆலயக் கல்லறைத் தோட்டம் அல்லது எந்தச் சுடுகாடு, எத்தனை மணி. பணக்காரருக்கும் தெருவோரத்தில் மீன் விற்றவளுக்கும் ஒரே குரல்தான்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது தவறாகப் போய்விட்டால் செய்தி முடியும் முன் "திருத்தம்" என்று சொல்லி, தவறு இது, சரி இது என்று இரண்டே வரியில் வாசிப்பாள். சிரித்து மழுப்ப மாட்டாள்.

அவளுடைய அப்பா யேசுரத்தினம் வடசேரி சந்தையில் வாழைக்குலை வியாபாரி. சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கடையிலேயே சாய்ந்துவிட்டார். பகல் முழுக்க வீட்டில் அழுதுவிட்டு, மாலையில் முகம் கழுவி, அவளே போய் வாசித்தாள். "திரு. யேசுரத்தினம் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னாருக்கு ஞானசெல்வி என்ற மனைவியும் ஜெபகனி என்ற மகளும் உள்ளனர்." தன் பெயரைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டாள்.

சிறுவயதிலிருந்தே அவள் தோழியான நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். போனில் கேட்டேன், எதற்குப் போனாய் என்று.

"பின்ன ஆரு வாசிப்பா? அப்பாக்குத் தெரிஞ்ச ஆளு இரணியல்ல இருந்து வட்டக்கோட்டை வரைக்கும் உண்டு. அடக்கம் எத்தன மணிக்குன்னு அவியளுக்குத் தெரியாண்டாமா?"

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம். போன வருடம் எவனோ ஒருவன் அந்த வாசிப்பின் காணொளித் துண்டை இணையத்தில் தூக்கிப் போட்டான். கல்நெஞ்சக்காரி, இயந்திரம், அப்பன் சொத்துக்குக் காத்திருந்தவள் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அது ஓடி ஓடி சென்னையில் ஒரு பெரிய சேனல்வரை போனது. செய்தி வாசிப்பாளர்கள் மட்டும் கலந்துகொள்ளும் கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

உள்ளூர் சேனல் முதலாளி ராஜகுமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "போ பிள்ள. நம்ம சேனல் பேரு சென்னையில வரும் பாத்துக்க."

ஜெபகனி போனில் அவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பாட்டு, விளையாட்டு எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். "கண்டிப்பா மேடம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். "சும்மாதானே கெடக்க, துணைக்கு வா ஏட்டி" என்று என்னையும் ரயிலில் ஏற்றினாள்.

படப்பிடிப்பு அரங்கத்தில் நான் முதலில் பார்த்ததே பார்வையாளர்கள் அழுவதைத்தான். நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை. கூலிக்கு வந்த பெண்களை வரிசையாக உட்காரவைத்து, "அக்கா, துக்கமா பாருங்க. நீங்க துப்பட்டாவால கண்ணத் தொடைங்க" என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். படம் பிடித்து முடித்ததும் அதே பெண்கள் சமோசா தின்றார்கள். அழுகை தயாராக இருந்தது. அதற்கு ஒரு காரணம்தான் இனி வர வேண்டியிருந்தது.

ஆட்டம் பாட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெபகனி பலூன் உடைத்தாள். மீன்குழம்பு வைக்கும் முறையை முக்கியச் செய்தி மாதிரி வாசித்து எல்லாரையும் சிரிக்கவைத்தாள். கண்றாவியாக ஆடினாள், அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். செய்தி வாசிக்கிறவளுக்குச் சிரிப்பு வரக்கூடாது, கோபம் வரக்கூடாது என்று யார் சொன்னது? வந்தால் வரட்டும். அது அவளுடையது.

இடைவேளையில் காதில் இயர்போன் மாட்டிய பெண் ஒருத்தி சின்னக் குப்பியோடு வந்தாள். "கண்ணு காஞ்சிருக்கு மேடம், ஒரு சொட்டு விட்டுக்கலாமா?"

"எனக்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜெபகனி.

விளக்கு அணைந்தது. திரை விலகியபோது யேசுரத்தினம் மாமா ஆள் உயரத்துக்கு நின்றார். மரண அறிவிப்புக்குக் கொடுத்த அதே புகைப்படம். அதைச் சுற்றி மினுக்கும் விளக்கு, பக்கத்தில் ஒரு வாழைக்குலை. படத்தை அவர்களுக்கு அனுப்பியவர் ராஜகுமார். பிறகு கணினியில் செய்த ஒரு குரல் அரங்கம் முழுவதும் ஒலித்தது. "தங்கமே, ஒரு வேளைச் சோறுகூட உண்ணாமல் உன்னைப் படிக்கவைத்தேனே. அன்று எனக்காக ஒரு துளி கண்ணீர் விடக்கூடாதா?"

நிபந்தனையை நினைத்து ஜெபகனியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யேசுரத்தினம் மாமாவைத் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். பெட்டி நிறைய நகை தந்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்காத மனிதர். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தட்டில் இருந்தால் சந்தைக்குத் தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். மகளை வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தங்கமே என்று கூப்பிட்டதில்லை. ஏட்டிதான்.

"சூப்பர் மேடம், அப்படியே உடைஞ்சுட்டீங்க!" என்று இயக்குநர் ஓடிவந்தார்.

"நான் சிரிச்சேன்."

"பரவாயில்ல மேடம். கை மறைச்சிருக்கு. வெளியே தெரியாது."

அப்பா பேச்சு வேண்டாம் என்று சொன்னேனே என்று அவள் கேட்டதற்கு, "நீங்க பேசலியே மேடம், அவர்தானே பேசினார்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

ஒளிபரப்பில் அவள் தோள் மெதுவாகக் குலுங்கியது, வயலின் இழைந்தது, சமோசா தின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஊர் உருகிப்போனது. "இப்பதான் மக்கா உனக்கு மனசுன்னு ஒண்ணு உண்டுன்னு தெரிஞ்சுது" என்று ஆலயவாசலில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் ஞானசெல்வி அத்தை மட்டும் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "எதுக்குட்டி அப்பிடிச் சிரிச்ச?"

அந்த வாரமே குவைத்திலிருந்து வந்த ஷிஜின் சேனல் மாடியேறி வந்தான். அவன் அம்மா ரீத்தா காலமாகியிருந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டான்: "அக்கா, அம்மைக்குக் கொஞ்சம் அழுது வாசிக்கணும். குவைத்துல எனக்க ஃபிரண்ட்ஸ் எல்லாம் பாப்பினும்."

"நீ அழுதியா?" என்று கேட்டாள் ஜெபகனி.

"எனக்கு எங்க நேரம்? பந்தல், சாப்பாடு, எல்லாம் நான் ஒருத்தன்தானே பாக்கணும்."

ராஜகுமார் குறுக்கே விழுந்தார். "சென்னைக்காரனுக்கு அழுத. நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு சொட்டு விட்டா கொறஞ்சா போவ?"

அவள் ரீத்தாவின் அறிவிப்பை எப்போதும்போல் வாசித்தாள். மறுநாளிலிருந்து ராஜகுமார் தன் வேலையைக் காட்டினார். ஒவ்வொரு மரண அறிவிப்பு முடிந்ததும் சென்னை நிகழ்ச்சியின் அந்தத் துண்டு, ஜெபகனி முகம் பொத்திக் குலுங்குவது, வயலினோடு ஓடியது. ரீத்தாவுக்கும் மறு ஒளிபரப்பில் ஓடியது. லாரி மோதி இறந்த பையனுக்கு ஓடியது. தொண்ணூறு தாண்டிய தாணுலிங்கம் கிழவருக்கும் ஓடியது. அவள் தன் அப்பாவின் சாப்பாட்டை நினைத்துச் சிரித்த சிரிப்பைப் பிணத்துக்குப் பிணம் வாடகைக்கு விட்டார்கள்.

எடுக்கச் சொல்லிக் கேட்டாள். ராஜகுமார் சாவகாசமாக வெற்றிலையைக் குதப்பினார். "அழுகைன்னுதானே ஊரு நெனைக்கு? சிரிப்புன்னு சொல்லிப்பாரு. கல்லெடுத்து எறிவினும்."

அதில் அவர் சொன்னது சரிதான், அதுதான் அருவருப்பு. வாயைத் திறந்தால் அப்பன் சாவுக்குச் சிரித்தவள். மூடிக்கொண்டால் அந்தத் துண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று மாலை நேரலையில் செய்தி வாசித்தாள். மழை, பாலம் வேலை, வாழைக்குலை விலை, மூன்று மரணம். பிறகு தாளைப் புரட்டாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"திருத்தம். மரண அறிவிப்புகளைத் தொடர்ந்து காட்டப்படும் காட்சியில் செய்தி வாசிப்பாளர் ஜெபகனி அழுவதாகக் கருதப்படுகிறது. அது தவறு. அவர் சிரிக்கிறார். செய்தி நிறைவடைந்தது."

அதே குரல். வானிலை வாசித்த குரல்.

மாடியில் போன் மணி ஓயவில்லை. ஷிஜின் சேனல் முன் தெருவில் நின்று கத்தினான்: "எனக்க அம்மைக்கச் சாவுல சிரிச்சிருக்கா, கேட்டியளா!" சிரிப்பை எந்தச் சாவு வீட்டுக்காரர் வாங்குவார்? அந்தத் துண்டை அன்றைக்கே தூக்கிவிட்டார்கள். ஜெபகனியையும் தூக்கிவிட்டார்கள். ஆலயவாசலில் கையைப் பிடித்தவர்கள் இப்போது செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்கள். அவள் அப்பாவின் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது ஜாஸ்மி என்று ஒரு பெண் வாசிக்கிறாள். பெயரைச் சொல்லும்போதே உதடு நடுங்கும், தேதி வருவதற்குள் கண் நிறைந்துவிடும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலைக்கு எடுக்கும்போதே அழச் சொல்லிப் பார்த்துத்தான் எடுத்தார்களாம்.

போன வாரம் இரணியல் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அடக்கம். பதினொரு மணி என்று ஜாஸ்மி தவறாக வாசித்திருந்தாள். பத்து மணிக்கே குழியை மூடிவிட்டார்கள். தெற்கே இருந்து வேன் பிடித்து வந்த தங்கைமார் ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று மாலையும் செய்தி பார்த்தேன். திருத்தம் எதுவும் வாசிக்கப்படவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில், கூடப்பிறந்த அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத ஒரு தங்கை மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"நேரம் தப்பிப்போச்சு, செரி. ஆனா அந்தப் பிள்ள அண்ணனுக்கு நல்லா அழுதுச்சு, கேட்டியா."