செங்கமலத்தின் ஹார்டிஸ்க்

செங்கமலத்துக்கு விழித்துக்கொண்டே கனவு காணும் வியாதி உண்டு. பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அரியலூர் வருவாள். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், இறங்க வேண்டிய இடம் போனதுகூடத் தெரியாது. கண்டக்டர் திட்டி இறக்கிவிட, வெயிலில் நடந்து வருவாள். முகத்தில் கோபமே இருக்காது. எனக்குத்தான் அவளைப் பார்த்து எரிச்சல் வரும்.

நான் கொளஞ்சியப்பன். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் காசிநாதனின் லாரி ஆபீசில், எந்த லாரி எத்தனை நடை அடித்தது என்று இருபது வருடம் நோட்டில் எழுதியவன். எண்பத்தேழில் அந்த ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த செங்கமலத்தை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். சுழலும் நாற்காலி அவளுக்கு. எனக்கு அதே பழைய மர நாற்காலி. எங்கள் வயலில் நாற்று நட்ட ஆண்டாயியின் மகள் அவள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனசுக்குள் சொல்லாத நாளும் இல்லை.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஜன்னலை அடைத்துத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே மங்கலாக, சில்லென்று இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்துகள் மினுங்கும். இந்த ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பார்கள். லாரியில் வரும் கல்லில் சங்கும் சிப்பியும் ஒட்டியிருக்கும். "உள்ள வந்தா தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு சார்" என்பாள் செங்கமலம். நான் நோட்டில் குனிந்துகொள்வேன். ஆனால் அந்த அறைக்குப் போகிறபோதெல்லாம் எனக்கும் அப்படித்தான் தோன்றித் தொலைத்தது.

அந்த மெஷினைத் தினமும் ஒரு ஃபிளாப்பியைச் செருகித்தான் எழுப்ப வேண்டும். சுண்ணாம்புத் தூசி பட்டு ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. அடுத்த வருடம் திருச்சியிலிருந்து குருநாதன் என்ற எஞ்சினியர் வந்து உள்ளே ஒரு ஹார்டிஸ்க் மாட்டினார். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் மெஷின் தானாகவே எழுந்துகொண்டது. செங்கமலம் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டாள். "மூச்சு விடுது சார்" என்றாள். எஞ்சினியர் சிரித்துவிட்டார்.

டீ வாங்கி வர அவள் வெளியே போனபோது, குருநாதன் சாமான்களைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சார், ஃபிளாப்பி போடற வாய் காலியா இருக்கணும். எதாவது இருந்தா மெஷின் முதல்ல அதைத்தான் படிக்கும், உள்ள இருக்கறதைத் தேடாது. அவங்ககிட்டச் சொல்லிடுங்க." கெட்டுப்போன பழைய ஃபிளாப்பிகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது செங்கமலம் உறையிலிருந்து ஒரு புது ஃபிளாப்பியை எடுத்து அந்த வாயில் செருகினாள். அதில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"எதுக்கும்மா அது?" என்றேன்.

"வெறுமனே விடக் கூடாதுங்க சார். எங்க வூட்டுல அரிசிப் பானையைத் தொடச்சு எடுக்க மாட்டாங்க. ஒரு கைப்பிடியாவது கிடக்கும்."

எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான். எஞ்சினியர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் எழவில்லை. சரியான டிஸ்க் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். அதே வரி. ஒயர்களைத் துடைத்தாள், சாமி கும்பிட்டாள், மறுபடியும் போட்டாள். திருச்சிக்கு டிரங்க் கால் போட்டால் குருநாதன் வெளியூர் போயிருந்தார். ஆலைக்கு அன்று மாலைக்குள் அந்த மாத நடைக் கணக்கு அச்சடித்துப் போயாக வேண்டும். பதினோரு மணிக்குக் காசிநாதன் வந்து பார்த்தார்.

"மூணு மணி வரைக்கும் பாக்கறேன். வரலைன்னா மெஷினைத் திருச்சிக்கே ஏத்தி அனுப்பிடுவேன். நாளையிலேருந்து நீயும் வர வேண்டாம். கொளஞ்சியப்பா, நீ நோட்டை எடு."

நோட்டை எடுத்தேன். அதுவரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. கோடு போட்டேன், பேனாவில் மை ஊற்றினேன். திறந்திருந்த கதவு வழியே அவள் முதுகு தெரிந்தது. மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அந்தப் பச்சை மங்கலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ ஒரு பக்கத்துக்குமேல் எழுத ஓடவில்லை. அவள் முதுகுக்குப் பதிலாக, எங்கள் களத்தில் கூலி நெல்லுக்காக முந்தானையை விரித்து நிற்கும் ஆண்டாயிதான் தெரிந்தாள். எங்கள் வீட்டுப் பானை ஒருநாளும் காலியானதில்லை. அவர்கள் வீட்டுப் பானை எத்தனையோ நாள் காலியாகக் கிடந்திருக்கும். அதனால்தானே இந்தப் பெண் ஒரு மெஷினின் வாயைக்கூட வெறுமனே விட மனசில்லாமல் போனாள்?

இரண்டரை மணிக்கு அவள் கீபோர்டைத் துணியால் துடைத்து உறை போட்டாள். டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் பழகத் தெரியல" என்றாள்.

நான் எழுந்து போனேன். செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டேன்.

"அந்த ஃபிளாப்பியை எடுத்துட்டுப் போடு."

எடுத்தாள். வாய் காலியாக, இருட்டாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ சுழன்று வேகம் பிடித்தது, சிவப்பு விளக்கு துடித்தது, திரையில் ஹார்டிஸ்க்கின் அடையாளமான C என்ற எழுத்து வந்து கண் சிமிட்டியது. செங்கமலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்குக் காசிநாதன் எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா? சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"குருநாதன் சொன்னாரு."

"எப்ப?"

"நேத்து. நீ டீ வாங்கப் போனப்ப."

நேற்று மாலையிலிருந்து இந்த நேரம்வரை அவள் கணக்குப் போட்டுப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மெஷின் நல்லா ஓடினா உங்க வேலை போயிடும்னு பயந்தீங்களா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அந்தச் சுழலும் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"உக்காருங்க. நான் படிக்கறேன், நீங்க அடிங்க."

உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்து முதல் லாரியின் நம்பரை அவள் படித்தாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒற்றை விரலால் தேடினேன். கணக்கை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டிய ஆள் வாசலில் காத்திருந்தான். அவள் என்னை அவசரப்படுத்தவே இல்லை.