பழைய டிஸ்கில் இருந்த பெண்

என் பழைய கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றுவிட்டது. மரக்காணத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம் தொடங்குகிறது. ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, கேஸ் அடுப்பு எல்லாமே எங்கள் வீட்டில் துருப்பிடிக்கும். மதர்போர்டு மட்டும் தப்புமா? கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுப்பதுதான் என் தொழில். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் எனக்குக் கை உடைந்த மாதிரி.

என் கணவர் உப்பு லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். பாண்டிச்சேரிக்குப் போன ஒரு நாள் என்னையும் கூட்டிப் போனார். ஒரு கடையில் போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கினோம். டிஸ்க் மட்டும் பழையது. "யூஸ் பண்ணதுதான் மேடம், ஆனா நல்லா ஓடும்" என்றார் கடைக்காரர். வீடியோ பார்த்து நானே எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூட்டினேன். முதலில் திரையே வரவில்லை. கடைக்காரருக்கு போன் செய்தேன். "ரேமைக் கழட்டி அந்த கோல்டு கலர் பக்கத்த ரப்பரால தேச்சுட்டுப் போடுங்க" என்றார். அப்படியே செய்தேன், திரை வந்தது. விண்டோஸ் இருந்த பென்டிரைவைச் செருகினேன். மொழி கேட்டது, நாடு கேட்டது. எந்த டிஸ்கில் ஏற்றுவது என்று கேட்ட இடத்தில் நின்றுவிட்டது. இந்த டிஸ்கில் நிறுவ முடியாது என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அதே வரி. ஏதோ ஒரு வீடியோவில் சொன்னபடி கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் மெனுவுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றினேன். பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தேன்.

இந்த முறை வேறு எதுவோ நடந்தது. புள்ளிகள் சுற்றின. கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டர் திறந்தது. என்னுடையது இல்லை, யாருடையதோ. டிஸ்கை அழிக்காமலே விற்றிருக்கிறார்கள். திரை முழுக்க ஒரு பெண்ணின் படம். இருபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் சுடிதார், ஒற்றைப் பின்னல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம்.

கடைக்காரரை மறுபடி கூப்பிட்டேன்.

"டிஸ்க்க பழைய முறையில பிரிச்சு வெச்சிருக்காங்க மேடம். அதான் புதுசு ஏற மாட்டேங்குது. இருக்கற எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணிட்டுப் போடுங்க, ஏறிடும்."

"இதுல யாரோ ஒரு பொண்ணோட போட்டோ எல்லாம் இருக்குதுங்க."

"யாராச்சும் கொண்டாந்து போட்டது மேடம். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அழிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. குழம்பு கூட்டிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன். உப்பளத்து வெயில் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டுகிற நேரம். ஈரக் கையோடு திரும்பி வந்தபோது திரையில் அவள் முகம் பெரிதாக இருந்தது. மெல்ல மறைந்தது. இன்னொரு முகம் வந்தது, அதுவும் அவள்தான். கோயில் வாசலில், பஸ்ஸில், கிணற்று மேட்டில், யாருடைய கல்யாணத்திலோ. சும்மா விட்டால் தானாகப் படங்கள் ஓடும்படி அவள் வைத்திருக்கிறாள், எனக்குப் புரிந்தது. இருந்தாலும் நான் வாசற்படியைத் தாண்டி அந்த அறைக்குள் காலை வைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மாறிக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. மஞ்சள் சுடிதார் படம் மறுபடி வந்தபோது அவள் தோளில் இருந்த விரல்கள் கண்ணில் பட்டன. படத்தின் ஓரத்தில் பாதி மட்டும் தெரிந்த ஓர் அம்மா அவள் தோளில் கை போட்டிருந்தார்.

சட்டென்று பிடிபட்டது. பிரம்மதேசம் போகிற வழியில், ஒரு சுவரில் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மற்றவர்கள் செய்த போஸ்டரை நின்று பார்ப்பது என் வழக்கம். அந்தப் போஸ்டரில் படத்தைச் சரியாக வெட்டவில்லை. யாருடைய விரல்களோ தோளிலேயே விட்டுப்போயிருந்தன. இவ்வளவு அலட்சியமாகவா செய்வார்கள் என்று அன்று நினைத்தேன். இந்தப் படம்தான் அது.

இரவு என் கணவரிடம் சொன்னேன்.

"செத்துப்போன பொண்ணா?" என்றவர் கம்ப்யூட்டர் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அழிச்சிடாத. பெத்தவங்களுக்குத் தெரியாம வித்திருப்பாங்க. கேட்டுப் பாத்துட்டு வந்துடலாம்."

படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினோம். போஸ்டர் ஒட்டியிருந்த இடத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில், என் போனில் இருந்த படத்தைக் காட்டி வீடு எது என்று கேட்டோம். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். டீ ஆற்றிக்கொண்டே தாடையால் ஒரு தெருவைக் காட்டினார்.

அவள் அப்பா வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிப் போனை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. எட்ட இருந்தே பார்த்தார்.

"அழிச்சிடுங்க."

"நிறைய போட்டோ இருக்குதுங்க, வீடியோகூட இருக்குது. உங்ககிட்ட இல்லாம இருக்கலாம்னுதான்..."

"அழிச்சிடுங்கன்னு சொல்றேன் இல்ல."

அவ்வளவுதான். காலால் கடலையைக் கிளறிக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். துக்கத்தில் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். பைக்கைக் கிளப்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லும்மா."

சவுக்குத் தோப்பு ஓரமாக ஓர் அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். கையைத்தான் முதலில் பார்த்தேன், படத்தில் இருந்த விரல்களா என்று.

"அது சிரிக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதும்மா. நிறைய இருக்குது." பைக்கிலிருந்து இறங்கினேன். "எப்படிம்மா தவறுச்சு பொண்ணு?"

அவர் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தவறலம்மா. உசுரோடதான் இருக்குது. வேற ஆளுங்க வூட்டுப் பையனைக் கட்டிக்கினு போயிடுச்சு. அவருதான் போஸ்டர் அடிச்சு ஊர் பூரா ஒட்டிட்டாரு. காரியமும் செஞ்சு முடிச்சாச்சு. அது கம்ப்யூட்டரையும் வித்துட்டாரு. வூட்டுல அது பேரை எடுக்கக் கூடாது."

செத்தவள் என்று நினைத்து அந்த அறையில் நான் பயந்தது ஒன்றுமே இல்லை. அந்த அம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. எத்தனை பேருக்கு நான் அஞ்சலி போஸ்டர் செய்திருக்கிறேன். படத்தைக் கொடுப்பார்கள், வாசகத்தைச் சொல்வார்கள். செத்தது உண்மையா என்று யாராவது கேட்பார்களா?

என் வீட்டு அடையாளத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். சில நாள் கழித்து அவர் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாராம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு வீடியோவைப் போட்டேன். அவர்கள் வீட்டு அடுப்படி. மகள்தான் படம் பிடிக்கிறாள், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாக இருக்கிறார்.

"அம்மா, இங்க பாரு. ஒரே ஒரு தடவ சிரி."

"போடி, அடுப்புல வேலை கெடக்குது."

"பாரேன்மா."

திரையில் அவர் கடைசிவரை திரும்பவில்லை. மகள் மட்டும் போனைத் தன் பக்கம் திருப்பிச் சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தார். வீடியோ முடிந்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் சிரித்தார்.

பென்டிரைவைக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை.

"எங்க வெச்சுப் பாக்கறது? அவரு கண்ணுல பட்டா அவ்ளோதான். உங்கிட்டயே இருக்கட்டும்மா."

"அப்ப இந்த டிஸ்க்க அழிச்சிடவாம்மா?"

"அழிச்சிடு. அழிச்சிட்டாங்கன்னு அவருகிட்டச் சொல்லிடறேன். பொய்யில்ல பாரு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் இருந்த இன்னொரு பென்டிரைவைச் செருகி, இருந்த பிரிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் 'வெற்று இடம்' என்று ஒரே ஒரு வரி மிஞ்சியது. 'அடுத்து' என்பதை அழுத்தினேன். இந்த முறை எதுவும் தடுக்கவில்லை. சதவீதம் ஏற ஆரம்பித்தது.

"இப்ப என்னாம்மா ஓடுது?"

"புதுசா ஏறுதும்மா."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, திரையை விரல் நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு இரண்டு மூன்று முறை வந்தார். எப்போதும் அந்த அடுப்படி வீடியோதான். மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். பெங்களூர் பக்கம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பிறகு வருவது நின்றுவிட்டது. உடம்பு முடியவில்லையா, வீட்டில் தெரிந்துவிட்டதா, என்னால் விசாரிக்க முடியாது. நான் போய் நின்றால் அவருக்குத்தான் ஆபத்து.

கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அஞ்சலி போஸ்டர் கேட்டு யாராவது வந்தால் எப்படி இறந்தார், எங்கே அடக்கம் என்று விசாரிக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பென்டிரைவில் இருந்த அவளுடைய வீடியோக்களை மறுபடி அதே டிஸ்கில் ஏற்றி, பெயர் போடாத ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். போன வாரம் வேறு ஏதோ தேடும்போது கை தவறி அதைத் திறந்துவிட்டேன். சத்தம் முழுசாக இருந்தது. 'அம்மா, இங்க பாரு' என்ற குரல் வீடு முழுக்கக் கேட்டது.

வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த என் கணவர், தண்ணீரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லங்க" என்றேன். அவர் மறுபடி தண்ணீரைத் திறந்தார்.