அர்த்தம் கேட்டால் வாக்கியம்

வசந்தகுமாரியிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது. சைனிக்புரியிலிருந்து சனத்நகர் போகிற கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரு கனமான ஆங்கில வார்த்தையை அவிழ்த்துவிடுவாள். அர்த்தம் கேட்டவர் அதை வைத்து உடனே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதுதான் பஸ்ஸின் சட்டம். டிரைவருக்கும் விலக்கு கிடையாது.

வீட்டில் கணவர் கிரியின் பாடு இன்னும் மோசம். "நக்கோ வசு, வேண்டாம்! முதல்ல காபியைக் குடு, வாக்கியம் அப்புறம் சொல்றேன்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

விளையாட்டில்லை இது. பம்ப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் சோதிக்கிறாள், அவள்தான் அறிக்கை எழுதுகிறாள். கையெழுத்து மட்டும் யாரோ ஓர் ஆபீசர் போடுவார், பம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்! அந்தப் பதவிக்கான நேர்காணலோ முழுக்க ஆங்கிலத்தில். தெலுங்கும் இந்தியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை போய் மென்று விழுங்கிவிட்டு வந்தாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு வயது இடம் கொடுக்காது. அதற்காகத்தான் மூன்று வருஷமாக இந்த வார்த்தை வேட்டை.

அந்த நாளும் வந்தது. குழுவில் மூன்று பேர். நடுவிலிருந்த தலைவருக்கு, சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி முகம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். வசந்தகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்து, தான் 'டெனேஷியஸ்' என்றாள்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டார் தலைவர்.

பிடித்த பிடியை விடாதவள் என்று ஆங்கிலத்திலேயே அழகாக விளக்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"நவ் யுவர் சென்டென்ஸ், சார்."

பக்கத்திலிருந்தவர் பேனாவைக் கீழே போட்டார். ஐயோ, இது பஸ் இல்லையே! பாடுபட்டதெல்லாம் பாழ் என்று நினைத்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய ஃபைலைப் புரட்டினார். பிறகு நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "திருமதி வசந்தகுமாரி டெனேஷியஸ். இது அவருடைய மூன்றாவது நேர்காணல்."

"கரெக்ட், சார்" என்றாள், பழக்கதோஷம்.

பிறகு பம்புகளைப் பற்றி அரை மணி நேரம் குடைந்தார்கள். நாக்கு ஒரு தடவைகூட ஒட்டவில்லை.

"போச்சுங்க. சேர்மனுக்கே டெஸ்ட் வெச்சுட்டேன்" என்று வீட்டில் வந்து அழுதாள்.

"அவர் பாஸ் பண்ணாரா?" என்றார் கிரி.

"ஹவ், ஆமாங்க, பண்ணிட்டார்."

"அப்ப உன்னையும் பண்ணிடுவார், விடு."

பதினோராம் நாள் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. பஸ்ஸே கூத்தாடியது.

அடுத்த மாதம், அவளே சோதித்து எழுதிய அறிக்கை ஒன்று மேஜைக்கு வந்தது. பேனாவை எடுத்ததும் கண் நிறைந்துவிட்டது. கையெழுத்து கோணலாகப் போயிற்று.

"வேற காப்பி எடுத்துட்டு வரட்டுமா, மேடம்?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்திருந்த சௌம்யா.

"நக்கோம்மா. இதைப் போட இருபத்திரண்டு வருஷம் ஆச்சு எனக்கு. கோணலா இருந்தா இருக்கட்டும், அனுப்பு."