ஆள் இருக்கும் நாற்காலி

செய்தி வந்தபோது காலை எட்டேகால் மணி. அலைபேசியில் அக்காவின் எண்தான் தெரிந்தது. குடையை மறந்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பேசியது ஓர் ஆண்குரல்.

“அம்மா, நான் மெட்ரோ ஸ்டேஷன் செக்யூரிட்டி பேசறேன். உங்க அக்கா நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கல. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. நீங்க நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அவரே சொன்னார்: “எழுப்பத்தான்மா போனேன். தினமும் போய் எழுப்புவேன் இல்லையா, அந்த மாதிரிதான்.”

மாரடைப்பு. வண்டியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

என் அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில், படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் விற்கும் பிரிவில், கல்யாண வயதிலிருந்து நின்றாள். வேலை பார்த்தாள் என்று எழுதுவதைவிட நின்றாள் என்று எழுதுவதுதான் சரி. கவுண்டருக்குப் பின்னால் ஒரு முக்காலிகூடக் கிடையாது. வாங்க ஆளில்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடையே தூங்குகிற மாதிரி தெரியும் என்பது முதலாளியின் கருத்து. “நாள் பூரா மெத்தை விரிப்பை மடிச்சு மடிச்சு ஊரையே படுக்க வைக்கிறேன், எனக்கு உட்காரக்கூட வழியில்ல” என்பாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். குதிகால் பட்டுப் பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு மங்கிப்போயிருக்கிறது.

மெட்ரோ வருவதற்கு முன்பு, அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறும் நிறுத்தத்தை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அழகான சுவரெல்லாம் இல்லை. ஆனால் உட்காரலாம். ஸ்டேஷன் கட்டும்போது அதை இடித்துவிட்டுப் பளபளவென்று கல் பாவிய பெரிய சதுக்கம் ஒன்றைப் போட்டார்கள். செடித் தொட்டிகள் வந்தன. அவற்றின் விளிம்பு சரிவாக இருந்தது. சரிவிலும் சிலர் எப்படியோ ஒட்டிக்கொண்டு உட்காரவே, எவர்சில்வர் குமிழ்களை வரிசையாகப் பதித்தார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கென்று இடுப்புயரத்தில் சாய்வாக ஒரு குழாய். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது கோழிக்குத்தான் சரிப்படும்” என்றாள்.

ரயில் வந்ததும் கூட்டம் அந்தச் சதுக்கத்தைத் தாண்டி ஓடும். அப்புறம் யாரும் இருக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் வெளிச்சமும் காவலாளியும் மட்டும் நிற்பார்கள். ஓடிப்போவதற்கென்றே வரைந்து கட்டிய இடம் அது.

கடை விட்டு வந்து பேருந்துக்குக் காத்திருக்கையில், முதல் நாள் அவள் வெறும் தரையில்தான் உட்கார்ந்தாள். காவலாளி வந்தார்.

“அம்மா, இங்க உட்காரக் கூடாது.”

“நிக்கலாமா?”

“நிக்கலாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அது... எவ்வளவு நேரம்னாலும் நில்லுங்க.”

“பகல் பூரா நிக்கறதுக்குக் கடையில சம்பளம் தராங்க தம்பி. இங்க நிக்கறதுக்கு யார் தருவா? நீ தருவியா?”

மறுநாள் மடக்கு நாற்காலி ஒன்றோடு கிளம்பினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு, “மானம் போகுது அக்கா, நாலு பேர் பார்ப்பாங்க” என்றேன். “பார்க்கட்டும். பார்க்கறவங்களுக்கும் கால் வலிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மேற்பார்வையாளரே இறங்கி வந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். பொது இடத்தில் இப்படி நாற்காலி போடுவது ஒழுங்கில்லை என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் கையால் காட்டினாள். கட்டி முடிக்கும் முன்பே வரைந்து வைத்த படம் அது. அதில் இதே சதுக்கம், இதே தொட்டிகள். ஆனால் நிழலில் பெஞ்சுகள் இருந்தன. ஒரு பெஞ்சில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணை முதல்ல எழுப்புங்க சார். அவ எழுந்துட்டான்னா நானும் எழுந்துடறேன்.”

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் வீட்டில் நடித்துக் காட்டினாள்.

சில நாள் கழித்து, குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் நாற்காலி காணாமல் போயிருந்தது. ‘கேட்பாரற்ற பொருட்கள் அகற்றப்படும்’ என்ற பலகையைக் காவலாளி காட்டினார். அவள் அதை நிதானமாகப் படித்தாள். “சரி தம்பி. ஆள் உட்கார்ந்திருந்தா எடுக்க மாட்டீங்க இல்ல?” என்று கேட்டாள். அவர் பலகையை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

அதிலிருந்துதான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. போனதற்குப் பதிலாக இன்னொரு மடக்கு நாற்காலி வாங்கினாள்; காலையில் வேலைக்குப் போகும்போதே அதைத் தூக்கிவந்து சதுக்கத்தில் போடுவாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் செய்தித்தாளோடு வந்து உட்காருவார். எல்லாருக்கும் அவர் பேப்பர் மாமா. மத்தியானம் அவர் எழுந்திருக்குமுன் டியூஷன் எடுக்கும் பெண் வந்துவிட வேண்டும். அவளுக்குப் பிறகு யாராவது ஒருவர். அடுத்தவர் வந்து முதுகுச் சட்டத்தைப் பிடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஒருநாள் பேப்பர் மாமா அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு ஓடினாராம். அவள் அன்றைக்கு ரயிலை விட்டுவிட்டாள். அப்புறம் வாரத்தில் பாதி நாள் அவளாகவே வந்தாள்.

மாலையில் அக்கா திரும்பி வந்து உட்காருவாள். பேருந்து வந்ததும் நாற்காலியை மடக்கிக்கொண்டு ஏறுவாள். நடத்துநர் வம்பிழுப்பார்.

“நாற்காலிக்கு டிக்கெட் யார் எடுக்கறது?”

“மடியில வெச்சிருக்கேன் பாரு. கைக்குழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?”

ஒரு நாற்காலி இருந்தால் அதைச் சுற்றிப் பேச்சு இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவரோடு பேச இன்னொருவர் நிற்பார். நிற்பவர் பையை வைப்பார். பையின்மேல் ஒரு குழந்தை ஏறி உட்காரும். ரயிலைவிட்டு இறங்கி ஓடுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள். மேற்பார்வையாளர் இதைக் கூட்டம் என்றார். சரியாக மாலை வேளையில் தரையைக் கழுவிவிடச் சொன்னார். எல்லாரும் எழுந்து ஒதுங்கினார்கள். அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். “நாற்காலிக்கு நாலு கால் இருக்கு சார். அது நனையட்டும்.”

கடைசி வாரம் தோள் வலிக்கிறது என்றாள். நாற்காலி தூக்கியதால் என்றாள். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். இடது தோள். டாக்டர் பிறகு அதைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அந்தச் சதுக்கத்தில் ஒரு பெஞ்ச் இருந்திருந்தால், வலிக்கு நாற்காலியைக் காரணம் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு வேறு யார்மீதும் கோபம் இல்லை. அந்தச் சரிவான விளிம்பை உட்கார்ந்து வரைந்தவர்கள்மீது இருக்கிறது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் வரைந்திருப்பார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்துப் போனேன். நாற்காலி அங்கேயே இருந்தது. பேப்பர் மாமா உட்கார்ந்திருந்தார். மடித்த செய்தித்தாள் மடித்தபடியே இருந்தது.

“அன்னிக்கு நான் கொஞ்சம் லேட்டும்மா” என்றார். “வரும்போது ஸ்ட்ரெச்சர் போயிட்டிருந்தது. நாற்காலி காலியா இருந்தது. என்ன பண்றதுன்னு தெரியல. உட்கார்ந்துட்டேன்.”

“ராத்திரி யார் எடுத்துட்டுப் போறாங்க மாமா?”

அவர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி ஆகாயத்தைப் பார்த்தார்.

“என்கிட்ட கேக்காதீங்கம்மா” என்றார். “எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் ரிப்போர்ட் பண்ணணும்.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கை கூப்பினார். அக்காவைப் போன்ற தைரியசாலியைப் பார்த்ததில்லை என்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “இது அவங்க ஞாபகார்த்தம் இல்லையா. வெயில்லயும் மழையிலயும் இங்க கிடக்க வேணாம். நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. வண்டிகூட நானே ஏற்பாடு பண்றேன்.”

ஒரு கணம் எனக்கு அது சரி என்றே பட்டது. அவள் கை பட்டுத் தேய்ந்த சட்டம். வீட்டில், சுவரில் அந்தக் குதிகால் தடத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். குழாயால் தண்ணீர் அடித்தும் எடுக்க முடியாததை இவர் இரண்டு நல்ல வார்த்தையில் எடுத்துவிடுகிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

“மாமா உட்கார்ந்திருக்காரே சார்.”

“அவர் எழுந்துப்பார்மா. சொன்னா கேப்பார்.”

“அப்போ நான் உட்காருவேன்.”

“நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்கன்னு...”

“படிச்சேன் சார். அந்தப் பலகையைத்தான் படிச்சேன். கேட்பாரற்ற பொருள்னு போட்டிருக்கு. இதைக் கேட்க நான் இருக்கேன்.”

நான் போய் முதுகுச் சட்டத்தைப் பிடித்தேன். மாமா எழுந்தார். அத்தனை நாளில் நான் அதில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் அந்தப் படம் நேர் எதிரே தெரிகிறது. அந்தப் பெண் இன்னும் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். மேற்பார்வையாளர் சிறிது நேரம் நின்றார். நின்றுகொண்டே பேசுவது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். போய்விட்டார். மத்தியானம் டியூஷன் பெண் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது சனி, ஞாயிறு காலை என் முறை.

வீட்டில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. பழைய இரும்புக் கடையிலிருந்து அக்கா வெறும் சட்டமாகத் தூக்கி வந்தது. “ஒரு நாற்காலி போட்டா கிறுக்கிம்பாங்க. ரெண்டு போட்டா ரெண்டு கிறுக்கும்பாங்க. மூணு போட்டோம்னா அவங்களே பெஞ்சு போட்டுடுவாங்க பாரு” என்று சொல்லிக்கொண்டே இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் நைலான் நாடா பின்னுவாள். நீளவாக்கில் முழுவதும் ஓட்டிவிட்டாள். குறுக்கே பாதிவரை வந்திருக்கிறது. நாடா நழுவாமல் இருக்க, நுனியில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டி வைத்திருக்கிறாள்.